முப்பத்தொரு மணி நேரம்

ஹான்ஸ்பாயில் கடல் அன்று
நீர்த்த கருப்பட்டிக் காப்பியின் நிறம்.
சுற்றுலாக்காரர்கள் பாறைமேல் நின்று
படம் எடுத்துக்கொண்டார்கள்.
எங்களுக்கு அது, குழாய் வாயில் வந்து நிற்கும்
உள்ளே விடக்கூடாத விருந்தாளி.

மதியம் மூன்று பத்துக்கு வால்வை மூடினோம்.
இனி பண்ணைக்குள் இருக்கும் தண்ணீர்தான் தண்ணீர்.
சுற்றிச் சுற்றி வரும், அதே தண்ணீர்.

பதினோராம் தொட்டியில்
நாற்பதாயிரம் அபலோன் குஞ்சுகள்.
ஆளுக்கு ஒற்றை ஓடு, ஒற்றைக் கால்,
கொத்தமல்லி விதையைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு.
திங்களன்று வெர்னியரில் அளந்தபோது
சராசரி ஏழு புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.
மாதத்துக்கு இரண்டு வளர்வார்கள்,
தண்ணீர் சொன்ன சொல் தவறாமல் இருந்தால்.

பதினாறு டிகிரி என்றால் தின்பார்கள்.
தென்கிழக்குக் காற்று மூன்று நாள் அடித்து
ஆழத்துக் குளிர் மேலே புரண்டு வந்தால்
பதினொன்று.
அப்போது தட்டில் படிந்த பாசியை மேயாமல்
சும்மா ஒட்டிக்கொண்டிருப்பார்கள்,
விடுமுறை முடிந்த காலையில் நான் இருப்பது போல.
அதெல்லாம் பழகிய சங்கதி.
இது வேறு.

இரவு ஒன்பது. ஆக்சிஜன் ஆறு புள்ளி நான்கு.
அம்மோனியா ஏறுகிறது,
அவர்கள் கழிவிலேயே.
பி.எச். எட்டிலிருந்து ஏழு புள்ளி ஆறுக்குப்
படியிறங்கி வருகிறது,
அவர்கள் விட்ட மூச்சிலேயே.

பாடப் புத்தகத்தில் இது இரண்டு வரி.
புளித்த தண்ணீர் ஓட்டின் விளிம்பை அரிக்கும்.
அதே புளிப்பு
அம்மோனியாவின் பல்லை மழுக்கும்.
காற்றைத் தாராளமாகக் குமிழவிட்டால்
புளிப்பு விலகும், ஓடு பிழைக்கும்,
விஷத்துக்குப் பல் முளைக்கும்.
குறைத்தால்
சதை தப்பும், ஓடு தேயும்,
மூச்சு வேறு முட்டும்.
ஓடா, உடம்பா என்று
நாற்பதாயிரம் பேருக்காக
ஒரு பித்தளைத் திருகைப் பிடித்தபடி நின்றேன்.

"எவ்வளவு திறக்க?" என்றாள் லிண்டெல்வா.
"பாதி."
அறிவியல் அல்ல அது.
இரண்டு பக்கமும் பயந்தவனின் எண்.

பம்பு மெக்கானிக் படையாச்சி வந்தார், டர்பன்காரர்.
ஐந்து தலைமுறை கடந்து
அவரிடம் எஞ்சிய தமிழ் இருபது சொல் இருக்கும்.
தொட்டியில் விரல் நனைத்து முகர்ந்து
"தண்ணி சரியில்லே" என்றார்.
அதற்குத்தான் நான்
மூன்று மீட்டர் வைத்திருந்தேன்.

தீனி நிறுத்தினோம். அடிக்கசடை உறிஞ்சி எடுத்தோம்.
விடிந்தது, பின் இருட்டியது.
மறுநாள் இரவு பத்து பத்துக்குக் காற்று திரும்பி
கடல் தன் நிறத்துக்கு வந்தது.
வால்வு திறந்த சத்தத்தில்
படையாச்சி பாதி தின்ற ரொட்டியைக் கீழே வைத்தார்.

தட்டிலிருந்து உதிர்ந்தவர்களை
வடிகட்டியில் அள்ளி எண்ணினோம்.
லிண்டெல்வா கோசாவில், நான் தமிழில்,
பதிவேட்டில் ஆங்கிலத்தில்:
மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

ஆறு வாரம் கழித்து லென்சின் கீழ்
மிஞ்சியவர்களில் ஒருவரைக் கவிழ்த்துப் பார்த்தேன்.
ஓட்டின் குறுக்கே வெளிறிய ஒரு கோடு,
காய்ச்சல் கண்டு எழுந்தவன் நகத்தில்
பள்ளம் விழுந்திருக்குமே, அப்படி.
அதற்கு அந்தப் பக்கம் பழைய தண்ணீர்.
இந்தப் பக்கம் புதியது.
நடுவில் என் பாதி.

பாதி திறந்ததால் இந்தக் கோடா,
பாதி மூடியதால் இந்த உயிரா,
ஓடு அதைச் சொல்லவில்லை.
கோட்டின் அகலம் வெர்னியருக்குச் சிக்கவில்லை,
படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.
எட்டு புள்ளி ஏழு என்று எழுதினேன்.
மூன்று வாரம் தாமதம் என்று
மேலாளருக்கு அனுப்பினேன்.

இன்று பதினாறு டிகிரி.
மேய்கிறார்கள்.
காது கொடுத்தால் ஒன்றும் கேட்காது.
தட்டில் பாசி மெல்ல வெளுப்பதுதான்
அவர்கள் போடும் சத்தம்.